'டூ த நீட்ஃபுல்' என்று எழுதினால் என்ன குற்றம்?

கேள்வி, ஜூன் 3, 2023

சார், என் மகள் கோவையில் ஒரு அலுவலகத்தில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு எழுதிய கடிதத்தை 'ப்ளீஸ் டூ த நீட்ஃபுல்' என்று முடித்திருக்கிறாள். மேலாளர் அந்த வரியைச் சிவப்பில் அடித்து 'இது இங்கிலீஷே இல்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்து ஆயிரம் கடிதத்தில் எழுதிய வரி அது. எனக்குச் சொல்லிக்கொடுத்த ஹெட் கிளார்க்கும் அப்படித்தான் எழுதுவார். நாங்கள் எல்லோருமா தப்பு?

ஜூன் 3, இரவு 10.40

மேலாளர் சொன்னது தப்பு. மகள் எழுதியதும் சரிப்படாது.

'டூ த நீட்ஃபுல்' அசல் இங்கிலீஷ்தான். பிரிட்டிஷ் வியாபாரக் கடிதங்களில் ஒரு காலத்தில் தாராளமாகப் புழங்கியது. அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள், நம் அலுவலகங்கள் விடவில்லை. தாத்தாவின் கோட்டை மாட்டிக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போவது மாதிரி. கோட்டில் ஒரு கிழிசலும் கிடையாது. பார்க்கிறவர்தான் ஒரு மாதிரி பார்ப்பார்.

அடித்ததற்குக் காரணம் வேறு இருக்க வேண்டும். 'தேவையானதைச் செய்யுங்கள்' என்றால் எதைச் செய்வது? பணம் அனுப்புவதா, கையெழுத்துப் போடுவதா, மாதிரியைத் திருப்பி அனுப்புவதா? அதை அந்த வரி சொல்லவில்லை. 'ப்ளீஸ் சைன் பேஜ் 3 அண்ட் சென்ட் இட் பை ஃப்ரைடே' என்று எழுதச் சொல்லுங்கள். மேலாளர் பேனாவை மூடிவிடுவார்.

ஜூன் 4, காலை 6.15

ராத்திரி படுத்தபிறகு தோன்றியது. நம் மனுக்களில் 'ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிறோமே, அது அப்படியே 'டூ த நீட்ஃபுல்'தான். கலெக்டருக்கு மனு எழுதுகிறவர் 'இன்ன தேதிக்குள் இன்ன பைலில் கையெழுத்துப் போடுங்கள்' என்று எழுத மாட்டார். என்ன செய்வது என்று பெரியவருக்கே தெரியும், நாம் சொல்லித்தரக் கூடாது. அதுதான் மரியாதை. நேற்று நான் சோம்பேறித்தனம் என்கிற மாதிரி பேசிவிட்டேன், அது அநியாயம். நமக்கு மரியாதையாகப் படுகிற வரி, வாங்குகிறவருக்கு வேலையை அவர் தலையில் தள்ளிவிட்ட மாதிரி படுகிறது. சிக்கல் அவ்வளவுதான்.

ஜூன் 5, மாலை 7.05

'ரிவர்ட்' பற்றி இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, விலை கொடுத்து வாங்கியது.

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக இருபத்தாறு வருஷம். பையர் சொல்வதைத் தமிழில் தையல் யூனிட்டுக்கும், யூனிட் சொல்வதை இங்கிலீஷில் பையருக்கும் சொல்வதுதான் பாதி வேலை. ஒரு தடவை பெண் குழந்தைகள் டி-ஷர்ட், பன்னிரண்டாயிரம் பீஸ். முதலில் நேவி ப்ளூ என்றார்கள். பிறகு மாற்றி ஆலிவ் என்றார்கள். சாயப்பட்டறையில் ஆலிவில் இரண்டு ஷேடு லேப் டிப் (மாதிரிக்குச் சின்னத் துணியில் முக்கிப் பார்ப்பது) போட்டு, துண்டுத் துணிகளை அட்டையில் ஒட்டி, ஏ, பி என்று எழுதி கூரியரில் அனுப்பினேன். கூடவே ஒரு மெயில்: 'கைண்ட்லி ரிவர்ட் ஆன் கலர் அட் தி எர்லியஸ்ட்.' கலரைப் பற்றிச் சீக்கிரம் பதில் போடுங்கள் என்று அர்த்தம். எனக்கு.

எதிர்ப்பக்கம் வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரமே ஆன ஒரு பெண். 'ரிவர்ட்' என்றால் அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. 'எர்லியஸ்ட்' என்றால் எல்லாவற்றுக்கும் முந்தியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் என்ன வரும்? முதலில் சொன்ன கலருக்கே திரும்பிவிடுங்கள் என்று நான் கெஞ்சுகிற மாதிரி வரும். 'ஓகே, வி ஹேவ் ரிவர்ட்டட் டு நேவி' என்று அன்றைக்கே பதில் போட்டார். இவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். பையர் திரும்பவும் மனசு மாறிவிட்டார் போல என்று நினைத்து ஒன்றரை டன் துணியை நேவியில் முக்கினோம்.

பத்து நாள் கழித்து அவளுடைய பாஸ் போன் பண்ணி, ஆலிவ் எங்கே என்றார். ஆலிவை நேவியாக்கலாம், நேவியை ஆலிவாக்க எந்தப் பட்டறைக்காரராலும் முடியாது. அந்தத் துணி உள்ளூர் சரக்காகப் போனது. நஷ்டத்தை இரண்டு பக்கமும் பாதிப் பாதி ஏற்றுக்கொண்டோம். என் முதலாளி என்னைத் திட்டவில்லை. அதுதான் ரொம்ப நாள் உறுத்தியது.

அதற்கப்புறம் 'ரிப்ளை' தவிர வேறு எதுவும் எழுதுவதில்லை.

ஜூன் 5, மாலை 7.20

'ரிவர்ட் பேக்' என்பவர்களுக்கு: 'ரிவர்ட்' என்பதற்குள்ளேயே திரும்புதல் இருக்கிறது. 'ரிட்டர்ன் பேக்' அதற்குத் தம்பி. 'நடு சென்டர்' பெரியப்பா.

ஜூன் 7, இரவு 9.30

'ப்ரிபோன்' (குறித்த தேதிக்கு முன்னால் நகர்த்துவது) பற்றிக் கேட்டிருந்தவருக்கு: நாமே செய்த சொல். 'போஸ்ட்போன்' இருக்கும்போது 'ப்ரிபோன்' ஏன் இருக்கக் கூடாது என்று நம் ஊர்க் கணக்குப்பிள்ளை யாரோ யோசித்திருக்கிறார். 'மூவ் அப்', 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சுற்றி வளைப்பதைவிட இது எவ்வளவோ தெளிவு. ஆனால் வெளிநாட்டுக்கு எழுதும்போது வேண்டாம்.

ஜூன் 8, மதியம் 1.10

நேற்று எழுதியதில் பாதி தப்பு. சாப்பாட்டு நேரத்தில் தேடிப் பார்த்தேன். 1913-இல் ஒருவர் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதி, முக்கியமாக வக்கீல்களுக்குப் பயன்படும், 'போஸ்ட்போன்' என்பதற்கு எதிர்ச்சொல்லாக 'ப்ரிபோன்' என்று ஒன்றை உண்டாக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அமெரிக்காவில் வாய்தா தள்ளிப்போவதுதான் வழக்கம் போல, முன்னால் வருவதே இல்லையோ என்னவோ, சொல் அங்கே வேர் பிடிக்கவில்லை. நம் ஊரில் பிடித்துக்கொண்டது. கணக்குப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இல்லை, வாழ்த்து சொல்ல வேண்டும், எடுத்துப் பிழைக்கவைத்தவர் அவர்தானே.

ஜூன் 8, இரவு 11.00

'டவுட்' கேட்டவருக்கு. தமிழில் 'சந்தேகம்' இரண்டு வேலை பார்க்கிறது. வகுப்பில் பையன் எழுந்து 'சார், ஒரு சந்தேகம்' என்றால் கேள்வி. மாமியார் 'எனக்கு அவன் மேல சந்தேகம்' என்றால் சண்டை. இங்கிலீஷ் 'டவுட்'டுக்கு முதல் வேலை கிடையாது, மாமியார் வேலைதான்.

இங்கிலாந்தில் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ் ஆசாமிக்கு, 'ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டெபிட் நோட்' என்று எழுதினேன். நாலாவது வரிக் கணக்கு எனக்குப் புரியவில்லை, அதைத்தான் கேட்டேன். அந்த ஆள் எங்கள் மீது எப்போதும் அன்பாக இருப்பவர். பதில் ஒரே வரியில் வந்தது, 'ஹாய்' கூட இல்லை. பதினெட்டுப் பக்கம் ரசீது ஸ்கேன் பண்ணி இணைத்திருந்தார். 'உன் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை' என்று நான் சொன்னதாக அவர் படித்திருக்கிறார். 'குட் யூ எக்ஸ்ப்ளெய்ன் லைன் 4?' என்றிருந்தால் போதும். முன்பு போலப் பேச ஆரம்பிக்க அவருக்கு மூன்று மாதம் ஆனது.

ஜூன் 10, காலை 7.45

'டிஸ்கஸ் அபவுட்' தப்பு என்று எல்லோரும் சொல்கிறார்கள், ஏன் என்று யாரும் சொல்வதில்லை என்று ஒரு அம்மா வருத்தப்பட்டிருக்கிறார். எனக்கு ஒரு வழி உண்டு. 'டிஸ்கஸ்' என்ற சொல்லுக்கு லத்தீன் மூலத்தில் உதறுவது, சிதறடிப்பது என்று பொருள். நம்மிடமும் அதே குடும்பத்தில் ஒன்று இருக்கிறது: அலசுவது. துணியையும் அலசுகிறோம், பிரச்சினையையும் அலசுகிறோம். 'துணியைப் பற்றி அலசினேன்' என்று யாராவது சொல்வார்களா? 'டிஸ்கஸ்' வரும்போது மனசுக்குள் 'அலசு' என்று படியுங்கள், 'அபவுட்' தானாக விழுந்துவிடும். 'டாக் அபவுட்' என்றால் 'பற்றிப் பேசு', அங்கே 'அபவுட்' வேண்டும்.

ஜூன் 10, காலை 8.00

இதே மாதிரி இன்னொன்று. 'லுக்கிங் ஃபார்வர்ட் டு மீட் யூ' தப்பு, 'டு மீட்டிங் யூ' சரி. 'டு'வுக்குப் பிறகு எப்படி 'இங்' வரும் என்று பள்ளியில் படித்த எல்லோருக்கும் கை நடுங்கும். தமிழில் சொல்லிப் பாருங்கள். 'உங்களைச் சந்திக்க எதிர்பார்க்கிறேன்' என்பது இடறுகிறது. 'சந்திப்பதை எதிர்பார்க்கிறேன்' என்றால்தான் நிற்கிறது. அந்த '-பது' செய்கிற வேலையை அங்கே '-இங்' செய்கிறது.

ஜூன் 11, இரவு 8.50

ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: ஆங்கிலத்தை ஆங்கிலமாகவே கற்க வேண்டும், தமிழை ஊன்றுகோலாக்கினால் கடைசி வரை நொண்டித்தான் நடக்க வேண்டும். சரிங்க. எனக்கு ஊன்றுகோல் இல்லாமல் நடக்கத் தெரியாது, ஐம்பது வயதுக்கு மேல் பழகவும் முடியாது. ஆனால் அவர் ஒரு இடத்தில் என்னைப் பிடித்துவிட்டார், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' என்று பலரும் 'எஸ்' விட்டுவிடுவது தமிழால்தான் என்று ஜூன் 9-இல் ஒருவருக்குத் தனியாகப் பதில் எழுதியிருந்தேன். 'தமிழில் "என் நண்பர்களில் ஒருவர்" என்றுதானே இருக்கிறது, பன்மை பளிச்சென்று தெரிகிறதே' என்கிறார். உண்மைதான். எழுத்துத் தமிழைப் பார்த்து எழுதியிருந்தால் நமக்கு 'ஃப்ரெண்ட்ஸ்' என்றே வந்திருக்கும். நாம் பேச்சுத் தமிழைப் பார்த்து எழுதுகிறோம். 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்.' அங்கே பன்மை கிடையாது. ஆக ஊன்றுகோல் சரிதான், நான் தப்பான பக்கம் ஊன்றிவிட்டேன்.

ஜூன் 13, இரவு 10.15

'கன்ஃபர்ம் த சேம்', 'சேம் ஹேஸ் பீன் டெஸ்பாட்ச்ட்'. ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் 'இதை நீங்கள் ஏன் இன்னும் தொடவில்லை' என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டதே எனக்குப் பதிலாகிவிட்டது. பழைய கிரயப் பத்திரத்தில் 'ஷை நிலம்', 'ஷை ஊர்' என்று வருமே, அந்த ஷைதான் இந்த சேம். அதற்குத் தமிழில் தனிக் குறியே உண்டு: ௸. மேற்படி என்று பொருள். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்கிற வரிசையில் வரும்.

எங்கள் வீட்டில் தாத்தா காலத்துப் பத்திரம் ஒன்று இருக்கிறது. ஒரே பக்கத்தில் பதினோரு ௸ எண்ணினேன். எந்த ௸ எந்த நிலத்தைச் சொல்கிறது என்று கண்டுபிடிக்க என் அப்பாவும் சித்தப்பாவும் ஒரு முழு வெயில் காலம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். நாம் ஒரு மெயிலில் மூன்று 'சேம்' போட்டால் வாங்குகிறவர் அதே திண்ணையில்தான் உட்கார வேண்டும். பத்திரத்தில் அது கிடந்துவிட்டுப் போகட்டும். மெயிலில் 'இட்' போதும், பெரும்பாலும் அதுவும் வேண்டாம். 'ப்ளீஸ் கன்ஃபர்ம்.' முற்றுப்புள்ளி.

ஜூன் 14, காலை 6.30

'வித் ரிகார்ட் டு' என்றால் 'தொடர்பாக'. அதில் ஒரு 'எஸ்' சேர்ந்தால் வணக்கம் வைத்த மாதிரி. 'வித் ரிகார்ட்ஸ் டு யுவர் பேமென்ட்' என்று வந்த மெயிலைப் பார்த்துவிட்டு எங்கள் ஆபீஸ் பையன், 'சார், பேமென்ட்டுக்கு வணக்கம் சொல்லியிருக்காங்க' என்றான். நாங்கள் எல்லோரும்தான் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம், அது வந்தால் போதும்.

ஜூன் 15, இரவு 9.10

லீவ் லெட்டர் பேச்சு வந்துவிட்டது. வராமல் இருக்குமா.

'ஆஸ் ஐ யாம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' என்று ஆரம்பிக்காத கையே தமிழ்நாட்டில் இல்லை. தங்கச்சி காதுகுத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான், மாமா கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல்தான். வேடிக்கை என்னவென்றால் நாம் எழுதியதிலேயே இலக்கணம் சுத்தமான வரி அதுதான், உண்மைதான் இல்லை. கோளாறு அடுத்த வரியில்: 'ஐ கைண்ட்லி ரிக்வெஸ்ட் யூ.'

'கைண்ட்லி' என்றால் அன்புகூர்ந்து. அன்புகூர வேண்டியவர் ஹெட்மாஸ்டர். 'நான் அன்புகூர்ந்து கேட்டுக்கொள்கிறேன்' என்றால் கேட்கிறவனே தன் முதுகைத் தட்டிக்கொள்கிறான். 'ஐ ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி க்ராண்ட் மீ' என்றால் அன்பு போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேரும். இன்னொன்றும் உண்டு. இங்கிலாந்துக்காரர் 'வுட் யூ கைண்ட்லி' என்று ஆரம்பித்தால் பல நேரம் அவருக்குக் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊரில் 'கொஞ்சம் வாயை மூடறீங்களா' என்பதில் வரும் 'கொஞ்சம்' மாதிரி. நாம் பணிவு என்று நினைத்து வரிக்கு வரி 'கைண்ட்லி' போடும்போது அவர் காதில் என்ன விழுகிறதோ. 'ப்ளீஸ்' பத்திரமானது.

ஜூன் 16, மதியம் 2.00

'ஐ பாஸ்டு அவுட் இன் 1994' என்றால் 94-இல் மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம் என ஒருவர் கேலி செய்திருக்கிறார். கேலி பழையது. அவர் ஒரு தடவை பரங்கிமலைப் பக்கம் போய்வர வேண்டும். ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் ஒவ்வொரு அணியும் முடித்து வெளியேறும்போது நடக்கும் அணிவகுப்புக்குப் பெயரே 'பாஸிங் அவுட் பரேட்'. இதுவும் பிரிட்டிஷ் ராணுவம் விட்டுப்போனதுதான். நம் கல்லூரிகள் ராணுவத்திடமிருந்து கடன் வாங்கியிருக்கின்றன, அவ்வளவே. 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்பதும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. துரைமார்களுக்குப் போஸ்டிங் ஆன ஊர்தான் 'ஸ்டேஷன்', ரயிலடி இல்லை.

பயோடேட்டாவில் மட்டும் 'க்ராஜுவேட்டட்' என்று எழுதுங்கள். மயக்கம் நமக்கில்லை, படிக்கிற ஹெச்.ஆர்.காரருக்கு வந்துவிடக் கூடாது.

ஜூன் 18, காலை 9.20

'டுடே மார்னிங்' ஏன் தப்பு என்று கேட்டால் காரணம் கிடையாது. 'டுமாரோ மார்னிங்' சரி. 'யெஸ்டர்டே மார்னிங்' சரி. இன்று காலை மட்டும் 'திஸ் மார்னிங்'. நேற்று இரவு 'லாஸ்ட் நைட்', நாளை இரவு 'டுமாரோ நைட்', இன்று இரவு 'டுநைட்'. நம் ஊன்றுகோல் இங்கே மண்ணில் புதைந்துவிடும். மனப்பாடம்தான்.

'எவ்ரிடே' ஒரே சொல்லா, இரண்டா? இதற்கு ஊன்றுகோல் உண்டு. 'அன்றாட வேலை' என்கிற இடத்தில் ஒட்டி எழுத வேண்டும். 'அன்றாடம் செய்கிறேன்' என்கிற இடத்தில் பிரித்து எழுத வேண்டும். எங்கள் தெரு பேக்கரி போர்டில் 'ஓப்பன் எவ்ரிடே' என்று ஒட்டித்தான் எழுதியிருக்கிறது. 'அன்றாட திறந்திருக்கும்.' பஃப்ஸ் நன்றாக இருப்பதால் நான் எதுவும் சொல்லவில்லை.

ஜூன் 20, இரவு 10.30

'பை ஹூக் ஆர் பை க்ரூக்' பற்றி எச்சரிக்கை. இரண்டாவது 'பை'யை விட்டுவிடாதீர்கள் என்பது சின்ன விஷயம். பெரிய விஷயம், இதற்கு வெறுமனே 'எப்பாடு பட்டாவது' என்று மட்டும் பொருள் இல்லை. நேர்வழியோ குறுக்குவழியோ, எதிலாவது போய் என்கிற சாயை உண்டு. எங்கள் ஆபீஸ் பையன் ஒரு தடவை, 'வி வில் ஷிப் திஸ் ஆர்டர் பை ஹூக் ஆர் பை க்ரூக்' என்று எழுதிவிட்டான். தூத்துக்குடியில் கப்பலைப் பிடித்தே தீருவோம் என்கிற ஆவேசம் அவனுக்கு. சாயக்கழிவு, குழந்தைத் தொழிலாளர் என்று வருஷத்துக்கு இரண்டு தடவை ஆடிட் வைக்கிற பையர் அவர். குறுக்குவழியிலும் அனுப்புவோம் என்று நாமே எழுத்தில் கொடுத்தால் விடுவாரா? அடுத்த வாரமே ஆடிட்.

ஜூன் 21, காலை 6.50

முதல் கேள்வி கேட்டவர் திரும்ப எழுதியிருக்கிறார். மகள் வரியை மாற்றிவிட்டாளாம், மேலாளர் ஒன்றும் சொல்லவில்லையாம். ஆனால் அவருக்கு மனசு ஆறவில்லை. 'அப்போது என் முப்பது வருஷம்?' என்கிறார்.

நீங்கள் எழுதியது சென்னைக்கும் மதுரைக்கும் டெல்லிக்கும். வாங்கியவரும் அதே வரிகளை எழுதி வளர்ந்தவர். 'நீட்ஃபுல்' என்றதும் எந்த பைலை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ஒரு கடிதமாவது வேலை ஆகாமல் திரும்பி வந்ததா? மும்பை ஆபீஸுக்கு நான் இன்றைக்கும் 'ப்ரிபோன்' எழுதுகிறேன். ஹாம்பர்குக்கு எழுத மாட்டேன். மொழி ஒன்றுதான், முகவரி வேறு. ஜூன் 3-இல் தாத்தா கோட்டு என்று சொன்னதில் கொஞ்சம் மேட்டிமை இருந்தது, அதை எடுத்துவிடுங்கள். நானும் 2000 வரைக்கும் அந்தக் கோட்டைத்தான் போட்டிருந்தேன்.

ஜூன் 21, இரவு 11.40

ஹாம்பர்க் என்று காலையில் எழுதிய நேரமோ என்னவோ. இருபது வருஷமாக நம்மோடு வியாபாரம் பண்ணுகிற ஜெர்மன்காரர் ஒருவர், திருப்பூருக்கு வந்தால் கொத்து பரோட்டா கேட்பவர், இன்று மாலை மெயில் போட்டிருக்கிறார்: 'டியர் ஃப்ரெண்ட், கைண்ட்லி டூ த நீட்ஃபுல் ஃபார் த கேர் லேபிள்.'

அவரோடு மூன்று ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கிறது, மூன்றிலும் கேர் லேபிள் (எப்படித் துவைப்பது என்று சொல்லும் பட்டை) இருக்கிறது. எந்த லேபிள், அதில் என்ன மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். பதில் வரவில்லை.